ஒன்பது வருஷத்துப் பூர்வீகம்

அந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கு ஒன்பது வயது. அதற்கு முன் அந்த இடம் தண்ணீர் தேங்கிய பள்ளமாக இருந்தது, தவளைகள் குடியிருந்தன. தவளைகள் வரி கட்டியதாகத் தகவல் இல்லாததால், கட்டடம் எழும்பியதும் வீடு வாங்கிக் குடிவந்தவர்கள் தங்களுக்குப் பூர்வீகக் குடும்பங்கள் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் வாடகைக்கு இருந்தார்கள்.

பல் கட்டுகிறவர் அங்கே நான்காவது மாடிக்கு வாடகைக்கு வந்தபோது அவர் மனைவிக்கு ஏழாம் மாதம். பல் மருத்துவமனை ஒன்றின் பின்னறையில் அவருக்கு வேலை. முன்னறையில் டாக்டர் வாய்க்குள் அச்சு எடுத்து அனுப்புவார். இவர் அதில் அச்சு மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகு வைத்து, பல் பதித்து, உரசி மினுக்கி, யாரோ ஒருவர் சிரிப்பதற்குத் தயார் செய்து கொடுப்பார். கை எப்போதும் எதையாவது உரசிக்கொண்டே இருக்க வேண்டும். உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் சட்டைப் பொத்தானைத் திருகுவார். எங்கே உட்கார்ந்தாலும் எழுந்து போகச் சொல்லிவிடுவார்களோ என்று பாதி நாற்காலியில்தான் உட்காருவார்.

மனைவி இதற்கு நேர் எதிர். ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கிறவள். ரயில் வந்தாலும் ஒரே குரல், வராவிட்டாலும் ஒரே குரல். வீட்டில் பால் பொங்கி அடுப்பை அணைத்தாலும் அதே குரலில்தான் தெரிவிப்பாள்.

குடிவருவதற்கு வீட்டுக்காரர் சம்மதம் போதாது, குடியிருப்போர் சங்கத்தின் சம்மதமும் வேண்டும் என்றார்கள். சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. பிறர் கணக்கில் தப்பு கண்டுபிடித்தே தலை நரைத்தவர். கீழ்த்தளத்துச் சங்க அறையில் பல் கட்டுகிறவரை உட்காரவைத்து, தண்ணீர்கூடக் கொடுக்காமல் முதல் கேள்வியைக் கேட்டார்.

"உங்க பூர்வீகம் எது?"

பல் கட்டுகிறவருக்கு உலகத்திலேயே பிடிக்காத கேள்வி அது. பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், வேலைக்குப் போன இடத்தில் கேட்டார்கள், பெண் கேட்கப் போனபோது கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவருக்குக் காது சூடாகும்.

"அப்பாவுக்குப் பாலம் கட்டுற வேலை சார். ஒரு பாலம் முடிஞ்சா மூட்டையைக் கட்டிக்கிட்டு அடுத்த பாலத்துக்குப் போயிடுவோம்."

"அது தொழில். நான் கேட்டது பூர்வீகம்."

"ஏதோ ஒரு ஆத்தோரம் தகரக் கொட்டகையில பொறந்தேன் சார். எந்த ஆறுன்னு ஞாபகம் இல்ல."

"நீங்க பொறந்தப்ப நீங்க அங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேன் சார். ஆனா கவனிக்கல."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பூர்வீகம் தெரியாதவனை வெளியே நிறுத்தவும் முடியாது, உள்ளே விடவும் முடியாது, ஆகவே நிலுவையில் வைக்கிறேன் என்றார். அன்றிலிருந்து பல் கட்டுகிறவர் தன் வீட்டுக்குள் நிலுவையில் குடியிருந்தார்.

நிலுவை என்பது என்ன என்று போகப் போகத் தெரிந்தது. மொட்டை மாடியில் வெயில் விழுகிற பக்கத்துக் கொடிகள் பூர்வீகக் குடும்பங்களுக்கு. நிலுவைக்காரர்களின் துணிகள் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், காய்வதா வேண்டாமா என்று யோசித்தபடி தொங்கும். காலையில் பூர்வீகக் குடும்பங்கள் எல்லாரும் இறங்கிய பிறகுதான் மற்றவர்கள் லிஃப்டில் ஏறலாம். பூர்வீகக் குடும்பங்களில் ஓய்வுபெற்றவர்களே அதிகம் என்பதால் அவர்கள் இறங்க மதியமாகும். பல் கட்டுகிறவர் படியில் இறங்கி வேலைக்கு ஓடுவார். வயிற்றுப் பிள்ளைக்காரி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்குவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாற்று நடை என்று ஒன்று உண்டு. புதிதாக வந்தவர்கள் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். செயலாளர் முன்னால் நடப்பார். கார் நிறுத்துமிடத்தில் ஒரு தூணைக் காட்டி, இதே இடத்தில்தான் முதன்முதலாகக் குழாய் வெடித்தது, அன்று இருந்தவர்கள் இன்றும் அதை மறக்கவில்லை என்று குரல் தழுதழுக்கச் சொல்வார். எல்லாரும் தூணுக்கு எதிரே சற்று நேரம் மௌனமாக நிற்பார்கள். பல் கட்டுகிறவர் மௌனத்தின்போது பொத்தானைத் திருகித் திருகி, ஒரு நாள் அது கையோடு வந்துவிட்டது.

நடை முடிகிற இடம் நுழைவுக் கூடம். அங்கே சங்கத்தின் முதல் தலைவருடைய பெரிய படம் மாட்டியிருக்கும். மேலே சின்ன விளக்கு. அடியில் 'நம் மூதாதை' என்று எழுதியிருக்கும். மூதாதை இரண்டாவது மாடியில் இருந்தார். எழுபது வயது, காலையில் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வேகமாக நடப்பார். நான் இன்னும் சாகவில்லையே, படத்தை எடுத்துவிடுங்கள் என்று அவர் பல தடவை கேட்டிருக்கிறார். உயிரோடு இருப்பது அவருடைய பெருந்தன்மை, அதற்காக மரபை மாற்ற முடியாது என்று சங்கம் பதில் சொல்லிவிட்டது. பிள்ளைகள் படத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரை இடித்துக்கொண்டு ஓடினார்கள்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். ஆனால் ஒரு நாள் அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தது. வரப்போகிற பொதுக்கூட்டத்தில் பூர்வீகம் என்ற சொல்லுக்குச் சங்கம் இறுதியான பொருள் வகுக்கப் போகிறதாம். அந்தப் பொருளுக்குள் அடங்காத நிலுவைக்காரர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். கூட்டத்துக்கு வராதவர்கள் ஏற்கெனவே காலி செய்தவர்களாகக் கருதப்படுவார்களாம்.

பல் கட்டுகிறவர் அதைப் படித்துவிட்டு மாடியேறி வந்தபோது, மனைவி அலமாரித் தட்டுகளில் அட்டை விரித்துக்கொண்டிருந்தாள். வீடு மாறும்போதெல்லாம் பாத்திரங்களைக் கட்டி எடுத்துவருகிற அட்டைப் பெட்டிகள் அவை. எந்த வீட்டிலும் முழுதாகப் பிரிக்காமலே கட்டிலடியில் தள்ளி வைத்திருப்பார்கள். அவற்றை அவள் கிழித்துத் தட்டுக்கு விரித்துவிட்டாள்.

"இனிமே எங்கயும் மாறப்போறதில்லங்க. என்னால இன்னொரு தடவை மூட்டை கட்ட முடியாது" என்றாள். சொன்னதும் அறிவிப்புக் குரலில்தான். ஆனால் பல் கட்டுகிறவருக்கு அந்தக் குரலின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

அவர் அப்பாவுக்குப் போன் போட்டார். அப்பா தங்கை வீட்டில் இருந்தார். நான் எங்கே பிறந்தேன் என்று கேட்டதற்கு, "பாலத்துல ஏழாவது தூண் எழும்பும்போது பொறந்த" என்றார். எந்தப் பாலம் என்றால், அதை உங்கம்மாவிடம்தான் கேட்கணும், அவள்தான் போய்விட்டாளே என்றார். சற்று யோசித்து, இரும்புப் பாலமில்லை, அது மட்டும் நிச்சயம் என்று சேர்த்துக்கொண்டார்.

ஏதோ ஒன்று கிடைத்ததே என்று பல் கட்டுகிறவர் சங்க அறைக்கு ஓடினார். பாலத்தைப் பூர்வீகமாக ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டார். செயலாளர் அதைத் தள்ளிவிடவில்லை. அது அவருடைய குணமும் அல்ல. பாலத்தின் எந்தப் பக்கம், வலது கரையா இடது கரையா என்று கேட்டார். தெரியாது என்றதும், கரை தெரியாவிட்டால் பிறந்தது ஆற்றின் நடுவில் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆறு ஓரிடத்தில் நிற்பதில்லை, ஓடுகிற ஒன்றைப் பூர்வீகமாகக் காட்டுவது சங்கத்தை ஏமாற்றுவதாகும் என்றார். பல் கட்டுகிறவர் அவர் சொன்னதை ஒத்துக்கொண்டே வெளியே வந்தார். படியேறும்போதுதான் எதற்கு ஒத்துக்கொண்டோம் என்று அவருக்கு எரிச்சல் வந்தது.

பொதுக்கூட்டத்தன்று காலையிலேயே மனைவிக்கு இடுப்பு வலித்தது. அவர் போகமாட்டேன் என்றார். இன்னும் நேரம் இருக்கிறது, போகாவிட்டால் வீடு போய்விடும், போய்விட்டு வாருங்கள் என்று அவள்தான் தள்ளி அனுப்பினாள். தாழ்ப்பாள் போடாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். கூட்டத்துக்குப் போகிறவர்கள் பாதியில் நழுவிவிடக் கூடாது என்று அன்றைக்கு லிஃப்டைப் பூட்டியிருந்தார்கள். சாவி செயலாளர் பையில்.

கூட்டம் கீழ்த்தளத்துக் கூடத்தில். முன்னால் பச்சைத் துணி விரித்த நீள மேஜை. அதன் பின்னால் தலைவரும் செயலாளரும். தலைவர் பம்பு செட் வியாபாரி, ஆறாவது மாடி. அவருடைய மேல்வரிசைப் பல் செட் தளர்ந்திருந்தது. 'பூர்வீகம்' என்று சொல்லும்போதெல்லாம் 'பூ'வில் காற்று போய், 'க'வில் பல் டக்கென்று திரும்பவும் உட்காரும். கடைசி வரிசையில் பாதி நாற்காலியில் உட்கார்ந்திருந்த பல் கட்டுகிறவருக்கு அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் முதுகில் குத்தியது.

சங்கடம் என்னவென்றால், பூர்வீகக் குடும்பங்களுக்குள் யார் அதிகப் பூர்வீகம் என்பதில் தலைவருக்கும் செயலாளருக்கும் வெகுகாலமாகப் பகை. முதலில் முன்பணம் கொடுத்தவர் தலைவர். முதலில் குடிவந்தவர் செயலாளர்.

தலைவர் எழுந்தார்.

"நான் இதை ஒரு கட்டடமா பாக்கல. என் பாட்டன் முப்பாட்டன் மண்ணாத்தான் பாக்கறேன். அட்வான்ஸ் கொடுத்த அன்னிக்கே எனக்கு அந்த உணர்ச்சி வந்துடுச்சு. அப்புறம் தள்ளுபடி கொடுத்தாங்க. உணர்ச்சி இன்னும் அதிகமாச்சு."

கைதட்டினார்கள். செயலாளர் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்.

"அட்வான்ஸுங்கறது வெறும் எண்ணம். குடிவந்தவன் நான். அப்ப லிஃப்ட் கிடையாது, தண்ணி கிடையாது, ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. அவசரப்பட்டு வந்துட்டீங்களேன்னு எல்லாரும் கேட்டாங்க. நான் பட்ட கஷ்டத்துக்கு ஒரு பேரு வேணும் இல்லையா? அதுக்குப் பேருதான் பூர்வீகம்."

இதற்கும் அதே ஆட்கள் கைதட்டினார்கள். இந்தச் சச்சரவு தீராது என்று தலைவர் எதிர்பார்த்தே வந்திருந்தார். பூர்வீகம் என்பது பணத்திலும் இல்லை, குடிபுகுந்ததிலும் இல்லை, பிறப்பில்தான் இருக்கிறது என்று ஒரு புதுக் கருத்தை வைத்தார். தன் பேரன் இந்த வீட்டில் பிறந்தவன் என்பதை எல்லாரும் அறிவார்கள் என்றார். ஆகவே இங்கே பிறந்தவர், அவரைப் பெற்றவர், பெற்றவரைப் பெற்றவர், இவர்களே பூர்வீகக் குடும்பம் என்று தீர்மானம் போடலாம் என்றார். 'பெற்றவரைப் பெற்றவர்' என்ற இடத்தில் அவர் கை தானாகத் தன் நெஞ்சுக்குப் போயிற்று.

செயலாளர் ஆட்சேபிக்கவில்லை. அதுவே ஆச்சரியமாக இருந்தது. ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றும்படி பணிவோடு கேட்டுக்கொண்டார்: 'இங்கே பிறந்தவர்' என்பதற்குப் பதிலாக 'இவ்வளாகத்துக்குள் பிறந்தவர்'. கேட்பதற்கு இன்னும் கம்பீரமாக இருந்ததால் தலைவரே முதலில் கை தூக்கினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இனி இதை மாற்ற வேண்டுமானால் பூர்வீகக் குடும்பங்களே வாக்களிக்க முடியும் என்ற பழைய விதியையும் செயலாளர் நினைவுபடுத்தினார். அதற்குப் பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, தலைவரின் பேரன் எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தான் என்று விசாரித்தார்.

தலைவர் பெருமையாக ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பல் செட் கொஞ்சம் கீழே இறங்கியது.

மூன்றாவது வரிசையில் ஒரு மாட்டு டாக்டரம்மா இருந்தார். கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தவர் விசிறுவதை நிறுத்திவிட்டு, "சரி, அப்ப நம்மள்ல யாரு பூர்வீகம்?" என்று கேட்டார்.

எல்லாரும் தாங்கள் பிறந்த இடத்தை மனசுக்குள் தேடிப் பார்த்துக்கொண்டார்கள். செயலாளருக்கே இந்தப் பக்கம் தோன்றியிருக்கவில்லை. தலைவரை வெட்டுவதற்கு ஓங்கிய கத்தியை எங்கே வைத்தோம் என்று பார்க்கிற ஆள் மாதிரி மேஜையைத் தடவினார்.

அந்த நேரத்தில்தான் வாட்ச்மேன் உள்ளே வந்து, நாலாவது மாடி அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார், வலி அதிகமாக இருக்கிறது, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, லிஃப்ட் சாவி வேண்டும் என்றான்.

பல் கட்டுகிறவர் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டு மேஜைக்கு ஓடினார். சாவியைக் கொடுங்கள் என்று கையை நீட்டினார். செயலாளர் பையில் கையை விட்டார். விட்ட கையை வெளியே எடுக்கவில்லை. கூட்டம் நடக்கும்போது லிஃப்டைத் திறக்க ஒரு பூர்வீகக் குடும்பத்தின் ஒப்புதல் வேண்டும் என்று விதி இருக்கிறது, இப்போது அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றும் இல்லையே என்று கவலைப்பட்டார். தலைவர் என்ற முறையில் நான் ஒப்புதல் தருகிறேன் என்றார் தலைவர். நீங்கள் இன்னும் தலைவர்தானா என்று செயலாளர் கேட்டார்.

மாட்டு டாக்டரம்மா இதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறிவிட்டார். பல் கட்டுகிறவரும் சாவியை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினார். முதல் மாடித் திருப்பத்தில் மனைவி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்காவது மாடியிலிருந்து அதுவரை தானே இறங்கி வந்திருக்கிறாள். இருவரும் தோள் கொடுத்துக் கீழே கொண்டுவந்தார்கள். வாசல் வரை போக முடியவில்லை. படியடியில் திறந்திருந்தது அந்தக் கூடம்தான்.

அவள் உள்ளே வந்து, பச்சைத் துணி விரித்த மேஜையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க. இதுக்கு மேல தாமதம் இல்ல."

ஒன்பது வருஷத்தில் அந்தக் கூடத்தில் இவ்வளவு சீக்கிரம் யாரும் எதற்கும் கட்டுப்பட்டதில்லை. மாட்டு டாக்டரம்மா சட்டைக் கையைச் சுருட்டினார். "நான் பசுவுக்குப் பாக்கறவ. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் குறை சொல்லக் கூடாது" என்றார். பரவாயில்லை டாக்டர் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மூதாதை வெந்நீரும் தன் வீட்டுச் சுத்தமான துண்டுகளும் கொண்டுவந்து கதவிடுக்கில் நீட்டிவிட்டு ஓடினார். படமாகத் தொங்கியவரை ஒரு வேலைக்காக ஓடவிட்டது அன்றுதான் முதல் தடவை. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

பல் கட்டுகிறவர் மேஜைமேல் படுத்திருந்த மனைவியின் தலைமாட்டில் நின்றார். அவள் அவர் கையைப் பிடித்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கை எதையும் திருகாமல், உரசாமல், பிடித்த பிடியில் இருந்தது.

வெளியே கார் நிறுத்துமிடத்தில், குழாய் வெடித்த தூணுக்குப் பக்கத்தில், தலைவரும் செயலாளரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். பேரன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதன்முதலாகக் கண்ணைத் திறந்தது இங்கேதான் என்று தலைவர் வாதாடினார். அதற்குள் உள்ளேயிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். பெண்ணா பையனா என்று கேட்டார்கள். பெண் என்றார்கள். செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. கணக்கு அவருக்குத்தான் முதலில் புரிந்தது.

"வளாகத்துக்குள்" என்றார் மெதுவாக.

ஆம்புலன்ஸ் வந்து தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிற்று. மறுநாள் காலையில் தலைவர் ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவோடு அங்கே வந்தார், பிறந்து ஒரு நாள் ஆன குழந்தைக்கு. பல் கட்டுகிறவரைவிட அவர் ரொம்பவே மூத்தவர். இருந்தும் "அண்ணே" என்றார். குழந்தை பெரியவளாகும் வரை அவள் சார்பில் சங்க நிர்வாகத்தைத் தானே கவனித்துக்கொள்வதாகவும், அவள் தொந்தரவுபட வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

அவர் போனதும் செயலாளர் வந்தார். அவர் பிஸ்கட் கொண்டுவரவில்லை, வாதங்கள் கொண்டுவந்தார். மேஜை அவர் சொந்த மேஜை, சங்கத்துக்கு இரவல் கொடுத்தது. ஆகவே பிறந்தது வளாகத்தில் அல்ல, மேஜையில். அப்படியே வளாகம் என்றாலும், கூட்டம் அப்போது முடித்துவைக்கப்படவில்லை. கூட்டம் நடக்கிற கூடம் ஒரு நிகழ்ச்சியே தவிர இடமல்ல. இதையும் தள்ளினால், மாட்டு டாக்டர் பார்த்த பிரசவம் விதிப்படி பிரசவமாகாது.

மனைவி துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தைக் காட்டினாள். "அப்ப இது என்ன சார்?"

செயலாளர் குனிந்து பார்த்தார். குழந்தை கொட்டாவி விட்டது. ஆட்சேபத்தோடு குறித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீடு திரும்பியபோது கட்டடம் வேறு மாதிரி இருந்தது. வாட்ச்மேன் கடமை தவறாதவன். பூர்வீகக் குடும்பத்துக்குப் பிறகுதான் மற்றவர்கள் லிஃப்டில் ஏறலாம் என்பது விதி. இப்போது பூர்வீகக் குடும்பம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஆஸ்பத்திரியில் இருந்தது. ஆகவே அவன் லிஃப்டை யாருக்கும் திறக்கவில்லை. தலைவர் ஆறு மாடியும் படியேறிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "ரூல் சார். நீங்க போட்டதுதான்" என்றானாம். வெயில் பக்கத்துக் கொடிகள் காலியாகக் கிடந்தன. பூர்வீகக் குடும்பங்களாக இருந்தவர்கள் தண்ணீர்த் தொட்டி நிழலில் இடம் பிடிக்க விடிகாலையில் வரிசையில் நின்றார்கள்.

பல் கட்டுகிறவர் முதலில் கூச்சப்பட்டார். இரண்டாம் நாள் கூச்சம் குறைந்தது. லிஃப்டில் தனியாக இறங்கி, ஒன்றையும் மறக்காமலே எதையோ மறந்தவர்போல் திரும்ப ஏறினார். நடந்தால் யாராவது விலகி வழிவிட்டார்கள். வேலை செய்யும் இடத்தில் நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தார். ஒரு நாள் காலையில், கீழே லிஃப்ட் கதவு மூடுகிற நேரம், தலைவர் மூச்சிரைக்கக் கை காட்டிக்கொண்டு ஓடிவந்தார். திறக்கிற பொத்தான் பல் கட்டுகிறவரின் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதை அமுக்கவில்லை. கதவு மூடியதும் வயிற்றில் ஒரு குளிர்ச்சி பரவியது. அது அவருக்குப் பிடித்திருந்தது.

அன்று சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தபோது, கார் நிறுத்துமிடத்திலும் ஏதாவது ஒழுங்கு கொண்டுவரலாம் என்று பார்க்கிறேன், கண்டவர்களும் கண்ட இடத்தில் நிறுத்துகிறார்கள் என்றார். நமக்குத்தான் கார் இல்லையே என்றாள் அவள். அது வேற விஷயம், பூர்வீகக் குடும்பம் என்றால் ஒரு பொறுப்பு இருக்கிறதல்லவா என்றார்.

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, ஒரு வாரம் கூட ஆகல. அதுக்குள்ள உங்களுக்கும் அந்த வாய் வந்துடுச்சு."

அவருக்குக் கோபம் வந்தது. என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து எல்லாரும் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள், உனக்குத் தெரியாது என்றார். ஒரு தடவையாவது நான் உள்ளே இருந்துகொண்டு மற்றவன் வெளியே நிற்பதைப் பார்க்கக் கூடாதா என்றார். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார். பார்க்கலாம், ஆனால் பார்த்துக்கொண்டே எவ்வளவு நாள் கதவடியில் நிற்பீர்கள், கால் வலிக்கும் என்றாள் அவள். மறுநாள் காலையில் அவர் ஆறாவது மாடிக்கு லிஃப்டில் போய்த் தலைவர் வீட்டு மணியை அடித்தார். வாங்க, கீழே போகலாம் என்றார். தலைவர் தன்னைக் காலி செய்யச் சொல்ல வந்திருக்கிறார் என்று பயந்து, பல் செட்டைப் போட மறந்து வந்துவிட்டார்.

அடுத்த பொதுக்கூட்டம் அதே கூடத்தில் நடந்தது. மேஜையில் புதுத் துணி. வாக்களிக்கக்கூடியவர்கள் இரண்டு பேர்தான். மூன்றாவது ஆள் தாய் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பழைய பூர்வீகக் குடும்பங்கள் எதிரே உட்கார்ந்து, பெரிய மனசு பண்ண வேண்டும் என்று கேட்டுக்கொண்டன. செயலாளர் ஒரு சமரசம் வைத்திருந்தார்: பிறந்தவர்கள் முதல் தரப் பூர்வீகம், குடிவந்தவர்கள் இரண்டாம் தரப் பூர்வீகம், முன்பணம் கொடுத்தவர்கள் மூன்றாம் தரம். தலைவர் மூன்றாம் தரத்தை 'இரண்டு அ' என்று மாற்றக் கோரினார்.

பல் கட்டுகிறவர் எழுந்தார். பேச வேண்டியதைப் படியிறங்கும்போதே யோசித்து வைத்திருந்தார். எல்லாரும் தன் வாயைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் ஒன்றும் வரவில்லை. மனைவி குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"எனக்கு இலக்கணம் தெரியாது. ஸ்டேஷன்ல கேக்கறதைச் சொல்றேன். லீவு விட்டா ஜனங்க மூட்டையோட வந்து நிப்பாங்க. எங்க போறீங்கன்னு கேட்டா, பூர்வீகத்துக்குப் போறோம்பாங்க. இல்லன்னா, அங்கதான் எங்க பூர்வீகம், இப்ப யாரும் இல்லம்பாங்க. ஒருத்தர்கூட தன் வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு, நான் பூர்வீகத்துல இருக்கேன்னு சொல்லி நான் கேட்டதில்ல. விட்டுட்டுப் போன இடத்துக்குத்தான் அந்தப் பேரு. இங்கயே இருக்கறவங்களுக்கு இது வெறும் வீடுதான்."

மாட்டு டாக்டரம்மா தலையை ஆட்டினார். மூதாதை, அவர் வாழ்நாளில் முதல் தடவையாக, உரக்க 'ஆமாம்' என்றார்.

அவள் தீர்மானத்தைச் சொன்னாள். ரயில் வருகிற மேடையைச் சொல்கிற அதே குரல். இனிமேல் இந்த வளாகத்தைக் காலி செய்துவிட்டுப் போகிறவர்கள் மட்டுமே இதன் பூர்வீகக் குடும்பம். போகிற அன்று முழு மரியாதையோடு அந்தப் பட்டம் வழங்கப்படும், படம் மாட்டப்படும், மேலே விளக்கும் போடப்படும். அதுவரை இருக்கிறவர்கள் எல்லாரும் குடியிருப்பவர்கள். லிஃப்ட் யார் அழைத்தாலும் வரும். பட்டம் வாங்கிக்கொண்டு போக விரும்புகிறவர்கள் இப்போதே சொல்லலாம்.

யாரும் சொல்லவில்லை. செயலாளர் சட்ட நுணுக்கம் தேடி மேலே விட்டத்தைப் பார்த்தார். விட்டத்தில் ஒன்றும் இல்லை. அவள் கை தூக்கினாள். பல் கட்டுகிறவர் குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு உயரம் தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது.

மூதாதையின் படத்தை அன்றே இறக்கினார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு போய்த் தன் கட்டிலடியில் வைத்துக்கொண்டார். பல் கட்டுகிறவர் குடும்பம் நான்காவது மாடியிலேயே இருக்கிறது, வாடகைக்கு.

அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் பூர்வீகக் குடும்பம் ஒன்றுகூட இல்லை. ஆனால் பட்டம் காலியாக இருப்பது சங்கத்தின் கௌரவத்துக்கு இழுக்கு என்று தலைவரும் செயலாளரும் ஒருமனதாகக் கருதுகிறார்கள். அதற்குத் தகுதியானவர் செயலாளர் ஒருவரே என்று ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவர் மனமுருகப் பேசுகிறார். உடனே செயலாளர் எழுந்து, தலைவர் இருக்கும்போது தான் போவது மரியாதையாகாது, அவர் முன்னால் போகட்டும் என்று அடக்கத்தோடு மறுத்துவிடுகிறார்.